முன்தகட்டில் ஒரு நெளிவு

இந்த மின்விசிறி கிறீச்சிடுவதை நிறுத்த ஒரு சொட்டு எண்ணெய் போதும். தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெய்தான். யாரையாவது விட்டுச் செய்யச் சொல்லுங்கள். பாவம், இங்கே நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தலை வலிக்கும்.

மேஜைமேல் நான் வைத்த பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். பக்கவாட்டில் ஓடுகிற கைப்பிடிக் கம்பிகளைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஊசியைவிட மெல்லிய கம்பிகள் அவை. பாதி ஏற்கெனவே பெயர்ந்துவிட்டது, மீதியாவது இருக்கட்டும். அடியில் சக்கரங்களுக்கு நடுவே கை கொடுத்து, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்க வேண்டும். பார்த்தால் பொம்மை என்று தோன்றும். தூக்கினால் தெரியும். உடல் முழுக்கப் பித்தளை, அடிச்சட்டம் கெட்டியான வார்ப்பு. சரக்கு ரயில் இழுக்கும் டீசல் இன்ஜினை அப்படியே முழங்கை நீளத்துக்குச் சுருக்கியது. சேகரிக்கிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகச் செய்தது. முன்பக்கத்தில் காய்ந்திருப்பதில் பழுப்பாக இருப்பது நான் பூசிய துரு. கறுத்திருப்பது நான் பூசியதல்ல.

அந்த ஓட்டுநரை ஏன் கொன்றேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். மறைக்க நினைத்திருந்தால் நானே நடந்து வந்திருக்க மாட்டேன். உங்கள் ஆட்கள் இந்நேரம் என் பட்டறையைத் தேடிப் புறப்பட்டிருப்பார்கள். வெளிப்படிக்கட்டில் ஏறினால் நேரே மாடிதான். கதவைச் சும்மாதான் சாத்தியிருக்கிறேன், உடைக்க வேண்டாம்.

முன்பு நான் ஒரு பல் மருத்துவரின் பின்னறையில் பல் செட் செய்துகொண்டிருந்தேன். பிளாஸ்டரில் அச்செடுப்பது, மெழுகில் ஈறு பிடிப்பது, தேய்ப்பது, மெருகேற்றுவது. பொய்ப்பல் நிஜப்பல் மாதிரி தெரிய வேண்டுமென்றால் அதில் கொஞ்சம் அழுக்கு இருக்க வேண்டும். டீ குடித்த மஞ்சள், ஓரத்தில் ஒரு மங்கிய கோடு, ஏதாவது ஒன்று. பளிச்சென்று இருந்தால் வாயைத் திறந்ததுமே காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் கைப்பழக்கம்தான் இன்ஜின்களுக்கு உதவியது. கடையிலிருந்து வருகிற மாடல் இன்ஜின் புதுமாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்று நிற்கும். அதற்கு உழைத்த முகம் கொடுப்பது என் வேலை. புகைக்கரி, எண்ணெய்க் கசிவு, மழைத்தண்ணீர் வழிந்த தடம், வெயிலில் வெளிறிய கூரை. தூர ஊர்களிலிருந்தெல்லாம் சேகரிப்பாளர்கள் என்னிடம் அனுப்புவார்கள். எல்லாருக்கும் நான் 'டாக்டர்'. பல் டாக்டரிடம் சம்பளம் வாங்கினவரை ரயில் பொம்மைதான் டாக்டராக்கியது என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார்.

அண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அண்ணனின் மனைவி. அண்ணன் பேக்கரியில் மாஸ்டராக இருந்தார். அவர் போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணி கீழே துணி தைக்கிறார், நான் மேலே இருக்கிறேன். தெருவில் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு தப்பான வார்த்தை வந்ததில்லை. வரும்படி ஒன்றும் நடக்கவும் இல்லை. கல்யாணம்கூட செய்துகொள்ளாமல் அண்ணன் குடும்பத்தைத் தாங்குகிற மனுஷன் என்று எனக்கு நல்ல பேர். அது உண்மையும்கூட. கசங்கிய சட்டையோடு அண்ணி என்னை வெளியே விட்டதில்லை. அவருக்குக் காய்ச்சல் என்றால் நான் கட்டில் பக்கத்தைவிட்டு நகர்ந்ததில்லை. சாப்பாட்டு மேஜையில் அண்ணன் உட்கார்ந்த நாற்காலியில்தான் இப்போது உட்காருகிறேன். அதுவும் அண்ணியே ஒருநாள், "அங்கயே உக்காருங்க தம்பி, ஏன் ஓரத்துல" என்று சொன்ன பிறகுதான். அதற்கு முன் நான் உட்காரவில்லை. இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓட்டுநர் ஒரு மழைக்காலக் காலையில் வந்தார். நல்ல உயரம், அகலமான தோள், ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷ இன்ஜின் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. அதனால் சத்தமாகப் பேசுவார், பேசியதும், "கத்திட்டேனா" என்று தானே கேட்டுக்கொள்வார். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் திறக்காமலே இருந்தார்.

"ஓட்டுனது போதும், வச்சுப் பாருங்கன்னு பொண்ணு வாங்கிக் குடுத்தா. என் வண்டி மாதிரியே இருக்கு," என்றார். "மாதிரிதான் இருக்கு டாக்டர். என் வண்டி இல்ல."

அவருடைய வண்டியாக ஆக்கித் தர வேண்டும் என்பதுதான் வேலை. பழைய புகைப்படங்கள் கொண்டுவந்திருந்தார். வண்டியின் எண், ஒருமுறை மாற்றிப் பொருத்தியதால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்ட ஹாரன், அவர் கை வைத்து வைத்துச் சாயம் போன கேபின் ஜன்னல் ஓரம், எல்லாம் வேண்டும். சிலர் பொருளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் வாரம் தவறாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கை ஓடாது. ஆனால் இவரை எனக்குப் பிடித்திருந்தது. எங்கே எண்ணெய் கசியும், எந்தப் பக்கம் கரி அதிகம் படியும் என்று கேட்டால், இறந்துபோன நண்பனின் மச்சத்தைச் சொல்வதுபோல யோசித்துச் சொல்வார்.

அண்ணிக்கும் பிடித்தது. டீ கொண்டுவருகிறவர் டம்ளரை வாங்கிப் போக மறந்து நின்றுவிடுவார். ஓடுகிற இன்ஜினில் டீ குடிக்கப் பழகாத ஒரு உதவி ஓட்டுநர் ஒவ்வொரு பயணத்திலும் சட்டைக்கே டீ கொடுத்துக்கொண்டிருந்த கதையை ஓட்டுநர் நடித்துக் காட்டினார். அண்ணி சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அதில் எனக்கு ஒன்றும் இல்லை. சிரிக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

அண்ணன் எப்படி இறந்தார் என்பதை வாடிக்கையாளர்களிடம் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ரயில் மாடல்கள் வந்துபோகிற வீட்டில் அது நன்றாக இருக்காது என்று நான்தான் அண்ணியிடம் சொல்லி வைத்திருந்தேன். அண்ணன் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார். அதற்குப் பிறகும் எப்படி இந்த வேலையைச் செய்ய மனசு வருகிறது என்று தெருவில் விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இன்ஜின்மேல் எனக்கு என்ன கோபம்?

வேலை முடிகிற கட்டத்தில், ஓட்டுநர் விரலால் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். தண்டவாளத்தில் கிடப்பதை ஒதுக்கித் தள்ள முகப்பின் கீழே ஒரு தகடு இருக்கும். அதன் இடது முனையில் ஒரு நெளிவு வேண்டும் என்றார். நான் தயங்கினேன். பூசியதைத் துடைக்கலாம், நெளித்ததை நிமிர்த்த முடியாது, சேகரிப்பாளர்கள் மத்தியில் மதிப்பே போய்விடும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. புகைப்படத்திலும் அது இல்லையே என்றேன். அதற்குப் பிறகு படமே எடுக்கவில்லை என்றார். எதனால் வந்த நெளிவு என்று கேட்டேன். தொழில் முறையில் கேட்டதுதான். கல்லால் வந்ததற்கும் மாட்டால் வந்ததற்கும் வித்தியாசம் உண்டு.

"ஒரு ஆளால," என்றார்.

பிறகு சொன்னார். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர் அன்று மெதுவாகத்தான் பேசினார்.

"ஏத்தத்துல லோடோட மெதுவா ஏறிட்டு இருந்தேன். லைன் ஓரமா ரெண்டு பேர் நடந்து போனாங்க, ஒருத்தன் முன்னால, ஒருத்தன் பின்னால. ஹாரன் அடிச்சேன், ஒதுங்கித்தான் நின்னாங்க. கிட்ட வந்தப்போ முன்னால நின்னவன் பின்பக்கம் திரும்பினான். சாகணும்னு வர்றவன் வண்டியப் பார்ப்பான் டாக்டர், இல்லன்னா கண்ணை மூடிக்குவான். இவன் வண்டியப் பார்க்கவே இல்ல. பின்னால நின்னவன்கிட்ட ஏதோ சொல்லிட்டு இருந்தான். சிரிச்ச முகம். தலையெல்லாம் மாவு. அப்படியே உள்ள வந்துட்டான்."

பின்னால் நின்றவர் என்ன செய்தார் என்று கேட்டேன்.

"அவ்வளவு லோடு, உடனே எங்க நிக்கும். கேபின் அவனைத் தாண்டிப் போனப்போ எட்டிப் பார்த்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரெண்டு உள்ளங்கையையும் சட்டையில துடைச்சுட்டு இருந்தான். சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்தவன் மாதிரி. துடைச்சு முடிச்சதுக்கு அப்புறம்தான் கத்த ஆரம்பிச்சான்."

விசாரணையில் இதைச் சொன்னாராம். உதவி ஓட்டுநர் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. கால் தவறி விழுந்ததாக முடித்துவிட்டார்கள். அந்த நெளிவும் பழையது என்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள். அவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இரண்டு பேரைப் பார்த்தவுடனே பிரேக்கைத் தொட்டிருந்தால் என்று தினமும் நினைப்பதாகச் சொன்னார். அந்த நெளிவில்லாமல் அந்த இன்ஜினை வீட்டில் வைத்தால் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

அவர் பார்த்தது எல்லாம் சரி. பின்னால் நின்றது நான்தான்.

அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன், தட்டைப் பார்த்தபடியே, "நீ தனியா ஒரு வீடு பார்த்துக்கிட்டா நல்லதுடா," என்றார். நான் சரி என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. அண்ணி தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டார், திரும்பி வரவில்லை. அவருக்கு இது பிடிக்கவில்லை, புருஷன் பேச்சைத் தட்ட முடியாமல் உள்ளே போய் அழுகிறார் என்று புரிந்துகொண்டேன். வீட்டில் மூன்று பேர் நிம்மதியாக இருக்கும்போது ஒருவர் மட்டும் அதைக் கலைப்பது சரியில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. வேறு திட்டம் ஒன்றும் இல்லை.

காலையில் எப்போதும்போல இரண்டு பேரும் தண்டவாளத்தோரக் குறுக்குவழியில் நடந்தோம். அவருக்குப் பேக்கரி, எனக்குப் பல் மருத்துவர். அண்ணன் அன்று குளிக்கவில்லை, முந்தின நாள் மாவு தலையிலேயே இருந்தது. வண்டி வந்தது, ஒதுங்கினோம். அண்ணன் திரும்பி, "டேய், நேத்து நான் சொன்னேன்ல" என்று ஆரம்பித்தார். அதையே இரண்டாவது தடவை கேட்க எனக்கு இஷ்டமில்லை. அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்தேன். பெரிய உடம்பு, ஆனால் எதிர்பார்க்காத உடம்பில் பலம் இருப்பதில்லை. சத்தம் நீங்கள் நினைக்கிற மாதிரி பெரிதாக இருக்காது. நனைந்த மூட்டையைத் தரையில் போட்டால் வருமே, அது மாதிரி. பிறகு சக்கரங்களுக்கு அடியில் ஒரு முறிகிற சத்தம், அதன் பிறகு மற்றொன்று. வண்டி முழுக்கப் போய்முடிய ரொம்ப நேரமானது. போய்முடிந்த பிறகு பார்த்தபோது அண்ணனின் ஒரு பாதி தண்டவாளங்களுக்கு உள்ளேயும் ஒரு பாதி வெளியேயும் இருந்தது. தலையில் மாவு அப்படியே இருந்தது. நான் உண்மையாகத்தான் அழுதேன். அவர் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

கையைத் துடைத்தேன் என்பது எனக்கே தெரியாது. ஓட்டுநர் சொல்லித்தான் தெரிந்தது. பிளாஸ்டர் வேலை செய்த நாளிலிருந்து வந்த பழக்கம் அது. எந்த வேலை முடிந்தாலும் இரண்டு உள்ளங்கையையும் வயிற்றுப்பக்கம் துடைப்பேன். பட்டறையில் ஏப்ரன் போட்டிருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

அவர் சொல்லிமுடித்ததும் நான் நெளிவைச் செய்து கொடுத்தேன். கடைவாய்ப்பல்லுக்கு மெழுகு அழுத்துகிற உருண்டைமுனைக் கருவி ஒன்று இருக்கிறது, அதனால் உள்ளிருந்து மெல்ல அழுத்தினேன். தள்ளிவைத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் ஆழம் என்றார், ஆழமாக்கினேன். போதும் என்றார். கண் கலங்கியிருந்தது. நான் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது.

அன்றைக்கே அவரைக் கொன்றிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எதற்கு? அவருக்கு என் முகம் தெரியாது, அன்று பார்த்தது குனிந்த தலையைத்தான், விசாரணைக்கும் எங்களைத் தனித்தனியாகத்தான் கூப்பிட்டார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

இன்று காலை இன்ஜினை வாங்கிப்போக வந்தார். வேலை முடிந்ததைக் கொண்டாட அண்ணி அவரையும் சாப்பிடச் சொல்லியிருந்தார். காலையிலிருந்தே கீழே பாத்திரச் சத்தம். நானும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, அண்ணி தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். இன்ஜினை அதன் பலகையிலிருந்து தூக்கி அவர் கையில் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதான்," என்றார், "இதுதான் என் வண்டி." எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒரு கலைஞனுக்கு அதைவிட என்ன வேண்டும்? நான் என்னை மறந்துவிட்டேன். தலையைக் குனிந்து இரண்டு கையையும் சட்டையில் துடைத்தேன்.

நிமிர்ந்தபோது அவர் இன்ஜினைப் பார்க்கவில்லை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இன்ஜின் மடியில் இருந்தது. கேட்காத காதை என் பக்கம் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தார். கீழே அண்ணி ஏதோ முணுமுணுத்தபடி தட்டுகளை எடுத்துவைக்கிற சத்தம்.

"அன்னைக்கு அங்க நின்னது நீங்களா டாக்டர்?"

திறந்திருந்த ஒரு பெயின்ட் புட்டியை எடுத்து மூடினேன்.

"யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. எனக்கு என்ன லாபம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் பிரேக் போட்டிருந்தா அவன் பொழச்சிருப்பானா? இல்ல, என்ன பண்ணியிருந்தாலும் விழுந்திருப்பானா? உங்களுக்குத்தான் தெரியும். வேற யாருக்கும் தெரியாது."

அவர் கேட்டது அவ்வளவுதான். அவர்மேல் தப்பில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் நிம்மதியடைந்த மனுஷனால் அந்த நிம்மதியை மனசுக்குள்ளேயே வைத்திருக்க முடியாது. மகளிடம் சொல்வார். இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் கீழே சாப்பிட உட்கார்ந்து அண்ணியின் முகத்தைப் பார்ப்பார். அவர் எதிரில் அண்ணனின் நாற்காலியில் நான் உட்கார வேண்டும். அது எப்படி முடியும்?

கைப்பிடிக் கம்பியில் ஒரு இடத்தில் பூச்சு காயவில்லை, ஒரு நிமிஷம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். கம்பியில் கை படாமல், அடியில் கை கொடுத்துத்தான் கொடுத்தார். நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

முதல் அடி நெற்றிப்பொட்டில். பித்தளைக்கு நல்ல பிடிப்பு உண்டு, வழுக்காது. அவர் ஸ்டூலோடு சாய்ந்தார், ஆனால் விழவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். பெயின்ட் புட்டிகள் உருண்டன. "கத்திட்டேனா" என்றார். ஏன் அதைச் சொன்னார் என்று தெரியவில்லை, அவர் கத்தவே இல்லை. இரண்டாவது அடி அதே இடத்தில் படவில்லை, கண்ணுக்கு மேலே எலும்பில் பட்டது. தோல் பிளந்து கண்ணை மூடிக்கொண்டது. கை நீட்டினார். அது தடுக்கிற கை மாதிரி இல்லை, எதையோ வாங்கிக்கொள்கிற கை மாதிரி இருந்தது. விரல்களின்மேல் அடித்தேன். கீழே விழுந்த பிறகு முட்டிபோட்டு உட்கார்ந்து அடிக்க வேண்டியிருந்தது, அப்போதுதான் கைக்குக் கட்டுப்பாடு இருக்கும். நான் வேலையைப் பாதியில் விடுகிறவன் இல்லை. மண்டை ஓட்டில் ஒரு இடம் இளகிக் கொடுத்தது எனக்குக் கையில் தெரிந்தது. பல் செட் அச்சில் பிளாஸ்டர் இறுகாமல் இருந்தால் விரலுக்குத் தெரியுமே, அது போல. அதற்கப்புறம் முன்தகட்டால் ஒரே இடத்திலேயே அடித்தேன். கம்பிகள் பெயர்ந்தது அங்கேதான். ஒன்று அவர் முடிக்குள் மாட்டிக்கொண்டது. குனிந்து தேடிப் பார்த்தேன், எடுக்க முடியவில்லை. நீங்கள் அவரைப் பரிசோதிக்க அனுப்பும்போது கிடைத்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். திரும்ப ஒட்டிவிடலாம்.

இவ்வளவுதான் நீங்கள் கேட்டது. ஆனால் மறைக்க வரவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

ஸ்டூல் விழுந்த சத்தம் கேட்டு அண்ணி வந்தார். பட்டறைக்கு வீட்டுக்குள்ளிருந்தும் ஒரு படிக்கட்டு உண்டு. மேல்படியில் நின்றுகொண்டு பார்த்தார். ஓட்டுநரின் முகம் இருந்த நிலையில் அவர் யாரென்று சட்டையை வைத்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார். அலறுவார் என்று நினைத்தேன். அலறவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "என்ன தம்பி இது," என்றார். சாப்பாடு சிந்தியதைக் கேட்கிற மாதிரி.

அண்ணியிடம் நான் பொய் சொன்னதே இல்லை. அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டுநரைப் பற்றி, அண்ணனைப் பற்றி, தண்டவாளத்தோரம் நடந்தது வரை. அவருக்காகத்தான், இந்த வீட்டின் நிம்மதிக்காகத்தான் என்றும் சொன்னேன். அண்ணன் என்னைப் போகச் சொன்ன அன்று அவர் உள்ளே போய் அழுதது எனக்குத் தெரியும் என்றேன்.

அவர் இல்லை என்று தலையை அசைத்தார்.

"நான் அழல," என்றார். "அவரைச் சொல்லச் சொன்னதே நான்தான்."

அதன் பிறகு அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை மாற்றாமல்.

"உங்க பார்வை எனக்குப் பிடிக்கல. குளிச்சுட்டுக் கதவைத் திறந்தா எதிர்ல நிப்பீங்க. தூங்கி எழுந்து பார்த்தா வாசப்படியில நிப்பீங்க. ஒரு வருஷமா அவரை நச்சரிச்சேன். அவன் என் தம்பி, எங்க போவான், அப்படியெல்லாம் நினைக்கிறவன் இல்லன்னு சண்டை போட்டார். அன்னைக்கு எனக்காகத்தான் சொன்னார். சொல்லிட்டு வந்து படுத்தவர் தூங்கவே இல்ல. என்னால முடியல, காலையில அவன்கிட்ட இங்கயே இருடான்னு சொல்லிடுறேன்னார். சொல்லிட்டீங்களான்னு நான் கேட்கக்கூட அவர் திரும்பி வரல."

பிறகு, எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், "அவர் போனப்புறம் நீங்க என்னைப் பார்த்துக்கிட்டதப் பார்த்து, உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனேன்னு இத்தனை வருஷமா நான்தான் குத்தவாளி மாதிரி இருந்தேன்," என்றார்.

அதிர்ச்சியில் மனுஷர்கள் எதையாவது உளறுவார்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும். அண்ணி அப்படிப்பட்டவர் இல்லை. அண்ணன் சிரித்த முகத்தோடு திரும்பினார் என்று ஓட்டுநரும்தான் சொன்னார், ஆனால் ஒருவர் சிரிப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். நான் அண்ணியைச் சமாதானப்படுத்தப் போனேன். அவர் பின்னால் நகர்ந்தார். பின்னால் படிக்கட்டு இருந்தது. என் கையில் இன்ஜின் இல்லை, அதை முதலிலேயே பலகைமேல் வைத்துவிட்டேன், அவரைப் பயமுறுத்தக் கூடாது என்று. வெறும் கைதான். தோளில் வைத்தேன்.

விழுந்தும் உயிர் போகவில்லை. கீழ்ப்படியில் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தார், ஒரு கால் மடங்கியிருந்தது, வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த மாதிரி பேச்சு வெளியே போனால் அண்ணன் பேருக்கும் அசிங்கம், அவர் பேருக்கும் அசிங்கம். பக்கத்தில் உட்கார்ந்து, தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, மூக்கையும் வாயையும் என் உள்ளங்கையால் மூடினேன். என் மணிக்கட்டைப் பிறாண்டினார், இதோ, பாருங்கள். கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு புடவையை இழுத்துச் சரிசெய்து, கால்களை நேராக்கி, தலைக்கு ஒரு தலையணை வைத்தேன்.

ஆகவே உங்கள் ஆட்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். மாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம், உள்படிக்கட்டு வழியாகக் கீழேயும் இறங்கிப் பார்க்க வேண்டும். மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். அண்ணி படியடியில்தான் இருக்கிறார், யாரும் மிதித்துவிடக் கூடாது.

ஏன் உடனே வரவில்லை, மத்தியானம் தாண்டி ஏன் வந்தேன் என்றும் நீங்கள் கேட்பீர்கள். மேஜைமேல் மூன்று தட்டு வைத்திருந்தார். அவர் ஆசையாகச் சமைத்தது, வீணாகப் போனால் மனசு கஷ்டப்படுவார். என் இடத்தில் உட்கார்ந்து என் பங்கைச் சாப்பிட்டேன், தட்டைக் கழுவி வைத்தேன், மற்ற இரண்டையும் மூடி வைத்துவிட்டு வந்தேன்.